பூஜை நாளில் மனதை உறுத்திய அனுபவம் உண்டா? எழுதுங்கள்

வரலட்சுமி நோன்பு. கலசத்தை வாசலில் வைத்து ஆரத்தி எடுத்து அம்மனை உள்ளே அழைப்போமே, அந்த நேரம். முந்தின நாளே புடவையை உயரக் கொடியில் மடியாக, யார் கையும் படாமல் உலர்த்தி, விடிவதற்குள் குளித்து, பூரணம் கிளறி, கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடித்தது எல்லாம் எங்கள் அத்தைதான். மாமா இப்போது இல்லை. கலசத்தைத் தூக்கப் போகிறார்கள் என்றதும், யாரும் எதுவும் சொல்லாமலே, மாவுக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டார். அவர் கை பட்ட கொழுக்கட்டை நைவேத்தியத்துக்கு ஆகும், அவர் முகம் மட்டும் அம்மனுக்கு ஆகாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

—

அத்தையை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு மடியைக் குறை சொல்லக் கூடாது. குளித்து, யாரும் தொடாத துணி கட்டி, நைவேத்தியம் ஆகும்வரை ருசி பார்க்காமல் சமைப்பது மடி. யாரையும் ஒதுக்க வந்ததில்லை அது. எங்கள் வீட்டு சத்தியநாராயண பூஜையில் தம்பி அவசரத்தில் பாத்யம், அர்க்யம், ஆசமனீயம் மூன்றுக்கும் சேர்த்து உத்தரணிக் கரண்டியால் மடமடவென்று தண்ணீர் விட்டான். வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டார். “காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. வீட்டுக்கு வந்தவருக்கு இப்படியா கொடுப்பாய்?” என்றார். அவன் மறுபடி நிதானமாக விடும்வரை காத்திருந்தார். பூஜையில் சாமிக்குச் செய்கிற 16 உபசாரமும் விருந்தாளிக்குச் செய்வதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

—

ஒதுக்க வந்ததில்லை என்கிறீர்கள், எங்கள் வீட்டில் அதற்குத்தான் பயன்பட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்து மடியாக இருந்த பாட்டி காலைக் கட்டிக்கொண்டது, பாட்டி உதறிய உதறலில் அது சுவரோரம் போய் விழுந்து திருதிருவென்று விழித்தது. பிரசாதம் கொடுத்தும் வாங்கவில்லை.

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த நோன்புக்கு ஆரத்தித் தட்டு அத்தை கையில்தான் என்று முன்கூட்டியே பெரியவர்களிடம் பேசி முடித்துவிடுங்கள். கலசத்தைத் தூக்கும்போது பேசினால் சண்டையாகும், அத்தைதான் கூசிப்போவார். அவரிடமும் முதலிலேயே கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். அப்புறம், வேலையெல்லாம் அவர் தலையில் விழாமல் பாருங்கள். பித்தளைச் சாமானை முதல் நாளே புளி போட்டுத் தேய்த்துவிடலாம், தேங்காய், மாவிலை, அட்சதை எல்லாம் ஒரே தாம்பாளத்தில் எடுத்து வைக்கலாம். உபசாரத் தண்ணீர் விட ஒரு கிண்ணம் தனியாக வேண்டும், பாதி வீடுகளில் அதைத்தான் நடுவில் தேடுகிறார்கள்.