பூசையில்லாத ஞாயிறுகளில் கிளைக்கோயிலைத் திறந்து வைத்திருப்பது எப்படி?

குளக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கம் ஒரு குளக்கட்டின் கீழே இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் கிளைக்கோயிலுக்குச் சென்ற மாதம் நடந்த கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்துவிட்டார்கள். வேறு எவரும் சம்மதிக்காததால் கிடைத்த பதவி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் 31 குடும்பங்கள் இருக்கின்றன. பரம்பரையாக இங்கேயே இருப்பவர்கள் சிலர். போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் சிலர். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மற்றையோர். ஒரே மாதா பாட்டை மூன்று மெட்டில் பாடுகிறோம் என்று சொன்னால் நிலைமை விளங்கும்.

பங்குத்தந்தை ஒருவர், அவருக்குப் பங்குக்கோயிலோடு எங்களுடையதையும் சேர்த்து நான்கு கிளைக்கோயில்கள். எங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில்தான் பூசை (திருப்பலி) கிடைக்கிறது. மற்றைய ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் 11 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பங்குக்கோயிலுக்குப் போய்விடுகிறார்கள்; முதியவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், கணவர் இல்லாத பெண்களும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கோயில் பூட்டியே கிடக்கிறது. கிழமை நாட்களில் முன்பு நடந்த வீட்டுச் செபமும் நின்றுபோய்விட்டது. சபைகள் என்று பார்த்தால் பெயரளவில் ஐந்து உண்டு. ஐந்திலும் அதே எட்டுப் பேர்.

சுவாமி, அதாவது பங்குத்தந்தை, இல்லாத ஞாயிறுகளில் குருவல்லாத பொதுநிலையினர் வேதாகம வாசகங்களை வாசித்து வழிபாடு நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலரோ, பூசையில்லாத ஞாயிறு ஒரு ஞாயிறா என்று கேட்கிறார்கள். உங்கள் இடங்களில் கிழமையை எவ்வாறு ஒழுங்கு செய்கிறீர்கள்? எதை முதலில் தொடங்க வேண்டும்?

முன்னாள் உபதேசியார் எழுதியது:

தம்பி, மடுப் பக்கத்தில் நீண்ட காலம், குருவுக்கு உதவியாகச் செபமும் மறைக்கல்வியும் நடத்தும் உபதேசியாராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வன்னியில் குருவுக்காகக் காத்திருப்பது நேற்றுத் தொடங்கிய வழக்கமல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல் இரகசியமாக யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய புனித யோசேப் வாஸ் அடிகளார், முதற் பல ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் ஒற்றைக் குருவாகவே உழைத்தார். அவர் ஒரு ஊரைவிட்டுப் போனால் மறுபடி எப்போது வருவார் என்று எவருக்கும் தெரியாது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்ததும், சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து மன்றாடியதும் ஊரிலிருந்த மூப்பரும் உபதேசியாருமே. ஆகவே பூசையில்லாத ஞாயிறு ஒரு ஞாயிறா என்று கேட்பவர்களிடம், அப்படியான ஞாயிறுகளிலேதான் நம் முன்னோரின் விசுவாசம் நிலைத்து நின்றது என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1248 ஆம் சட்டத்தைச் சுவாமியிடம் கேட்டு வாசித்துப் பாருங்கள். ஞாயிறு பூசை காணும் கடமையைச் சனிக்கிழமை மாலைப் பூசையாலும் நிறைவேற்றலாம் என்று அதன் முதற் பகுதி சொல்கிறது. குரு இல்லாமல் பூசையில் பங்கேற்க இயலாதபோது, ஆயரின் ஒழுங்குக்கேற்பக் கோயிலில் நடக்கும் இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்கும்படியோ, தனியாகவோ குடும்பமாகவோ செபிக்கும்படியோ இரண்டாம் பகுதி பெரிதும் பரிந்துரைக்கிறது. சுவாமி ஏன் ஒவ்வொரு ஞாயிறும் வருவதில்லை என்று குறைப்படுபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: தேவை இருந்தால் ஞாயிறு நாட்களில் மூன்று பூசை வரை ஒப்புக்கொடுக்கத்தான் ஒரு குருவுக்கு அனுமதி கிடைக்கும். ஐந்து கோயில்களுக்கு அது எப்படிப் போதும்? உங்களுக்குரிய பூசைகளில் ஒன்றைச் சனி மாலைக்கு மாற்றித் தரும்படி கேட்டால், மாதத்தில் இன்னுமொரு பூசை கிடைக்கவும் வழி பிறக்கலாம்.

குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்றே உரோமையிலிருந்து 1988 இல் ஒரு வழிகாட்டி ஏடு வெளிவந்தது. அதன் சாரம் இதுதான்: அன்றைய ஞாயிறுக்குரிய வாசகங்களே வாசிக்கப்பட வேண்டும்; பூசையில் அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கக் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டை எவரும் சொல்லக் கூடாது; காணிக்கைப் பவனி இல்லை; நடத்துபவர் பொதுநிலையினராக இருந்தால் குருவுக்குரிய வாழ்த்தைச் சொல்வதில்லை, குருவின் கதிரையில் அமர்வதும் இல்லை. இந்தக் கதிரை விடயத்தை அற்பமென்று எண்ண வேண்டாம். நான் முதன்முதலில் வழிபாடு நடத்திய நாளில் பீடத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கதிரையில் தெரியாத்தனமாக அமர்ந்துவிட்டேன். வழிபாடு முடிந்ததும் ஒரு ஆச்சி வந்து, "உபதேசியார், நீர் நல்லாய்த்தான் வாசிச்சீர், ஆனால் இருந்த இடம்தான் பிழை" என்றார். அதற்குப் பிறகு நான் பீட எல்லைக்கு வெளியே, சனங்களின் பக்கத்திலேயே ஒரு கதிரை போட்டுக்கொண்டேன்.

நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வழங்குவதானால் அதற்கென்று நியமிக்கப்பட்டவர் ஒருவர் வேண்டும். பிரசங்கம் செய்ய முயல வேண்டாம். சுவாமி எழுதித் தந்ததை நிதானமாக வாசித்தால் போதும். வாசிப்பவர் சனிக்கிழமை இரவே வாசகத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பழகியிருக்க வேண்டும். புனித பவுலின் திருமுகங்களை முன்பின் பாராமல் வாசித்து மூச்சுத் திணறியவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

கரைச்சி மறையாசிரியை எழுதியது:

உபதேசியார் ஐயா ஞாயிற்றைப் பற்றி எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நீங்கள் முதலில் தொடங்க வேண்டியது ஞாயிறு அல்ல, கிழமை நாளின் வீட்டுச் செபம் என்பது என் கருத்து. கிழமையில் ஒரு மாலையாவது ஒன்றாக அமராத குடும்பங்கள், வழிபாட்டை நடத்துபவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் அவரிடம் குறைதான் பிடிப்பார்கள்.

எங்கள் பங்கில் குடும்பங்களை அன்பியங்கள் என்ற சிறு குழுக்களாகப் பிரித்து, புதன்கிழமைகளில் வீடு வீடாகச் செபம் வைக்கிறோம். ஒரு காலத்தில் இதுவும் நின்றுபோனது, காரணம் சிற்றுண்டி. முதல் வீட்டில் தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் வடை. நான்காம் வீட்டில் றோல்ஸ், கேக், குளிர்பானம். ஐந்தாவதாக முறை வந்த வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளுமே இருந்தார்கள். அவர் தமக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த முறையும் அதே பதில் வந்தபோதுதான் எங்களுக்கு விடயம் உறைத்தது. அதன் பிறகு, எந்த வீடானாலும் வெறுந்தேநீரும் ஒரு துண்டு சர்க்கரையும் மட்டுமே என்று தீர்மானித்தோம். அந்தத் தாயின் வீட்டில்தான் மீண்டும் தொடங்கினோம். பாய் போதாமல் முற்றத்தில் உரப்பை விரித்து அமர்ந்து செபமாலை சொன்னோம்.

நேரத்தையும் உங்கள் ஊருக்கேற்ப வையுங்கள். அரிவி வெட்டுக் காலத்தில் இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டால் எவரும் வர மாட்டார்கள். உங்கள் பக்கத்தில் யானைத் தொல்லையும் இருக்கும் என்று நினைக்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி, இருட்டுமுன் எல்லோரும் வீடு போய்ச் சேரும்படி முடிப்பது நல்லது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகள் நடக்கும் இடங்களில் மறைக்கல்வி வகுப்புத் தேய்ந்துகொண்டே போகிறது. பெற்றோரைக் கண்டித்துப் பயனில்லை. பரீட்சைப் பயம் அவர்களுக்கும் இருக்கிறது. நாங்கள் வகுப்பை வழிபாட்டோடு ஒட்டியே வைத்து, முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்கிறோம். முதல்நன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறுவதற்கு) ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மட்டும் மேலதிகமாக ஒரு நாள். பெரிய பிள்ளைகளிடம் வாசகம் வாசிக்கும் முறையை ஒப்படைத்துவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் வருவார்கள்.

கடற்கரைப் பங்கு எழுதியது:

முல்லைத்தீவுக் கரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதால் ஆண்களைக் கோயிலில் காண்பது எளிது. வயல் ஊர்களின் சிரமம் வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து சபைகளிலும் அதே எட்டுப் பேர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மூன்றை விட்டுவிடுங்கள். எங்கள் அனுபவத்தில், ஒவ்வொரு கிழமையும் தவறாமல் கூடும் சபைதான் உயிரோடு இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் கூடுவது சபையல்ல, பந்தல் குழு.

மரியாயின் சேனையும் வின்சன்ட் டி போல் சபையும் எங்களிடம் நடக்கின்றன. இரண்டையும் பலர் ஒன்றென்றே எண்ணுகிறார்கள். 1921 இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனையின் விதிப்படி அதன் உறுப்பினர் எவருக்கும் பொருளுதவி செய்யக் கூடாது. இருவர் இருவராகப் போய் நோயாளிகளையும் கோயிலைவிட்டு விலகி நிற்பவர்களையும் சந்தித்து, அடுத்த கூட்டத்தில் வாய்மொழியாக அறிக்கை கொடுக்க வேண்டும். அரிசியும் மருந்துச் செலவும் பார்ப்பது 1833 இல் பரிஸ் நகரில் தொடங்கிய மற்றைய சபையின் வேலை. ஒரு வீட்டுக்குச் சேனைக்காரர் போனால் அந்த வீட்டார் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே மனம் திறந்து பேசுகிறார்கள். இந்த வேறுபாடு நிவாரண வரிசைகளில் நின்று களைத்த எங்கள் ஊர்களில் எவ்வளவு பெறுமதியானது என்பதைப் பழகிப் பார்த்தால் விளங்கும்.

இரண்டு சபைகளிலும் இரகசியப் பை உண்டு. கூட்டத்தில் ஒரு துணிப்பை கைமாறி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து வெளியே எடுப்பார்கள். நூறு ரூபா போட்டவரும் ஒன்றும் போடாதவரும் ஒரே மாதிரியே கையை எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுச் செபத்தில் உண்டியல் தட்டு வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதை விட்டு இந்தப் பையைத் தையுங்கள்.

கார்த்திகை (நவம்பர்) மாதத்தையும் மறந்துவிட வேண்டாம். 2 ஆம் திகதி சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) மந்திரிக்கும் நாளில், கல்லறை உள்ளவர்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்கள் பங்கில் பாதிப் பேருக்கு மேல் கொளுத்துவதற்குக் கல்லறை இல்லை. அவர்கள் தங்கள் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதித் தருவார்கள்; காணாமல் போனவர்களின் பெயர்களை மட்டும் அந்தத் தாளில் எழுத மறுத்து, "உயிரோடிருப்போர்" மன்றாட்டுக் கருத்தில் சேர்க்கும்படி கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். அப்படியே சேருங்கள், கேள்வி கேட்க வேண்டாம். பெயர்ப் பட்டியலை வாசிப்பவர் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். எங்கள் கோயிலில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். அதுவரை எவரும் எழுந்து போனதில்லை.

உழவு இயந்திரக்காரர் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கிளைக்கோயிலிலேயே நற்கருணையும் கிடைத்துவிட்டால், பங்குக்கோயிலுக்குப் போகக்கூடியவர்களும் போகாமல் விடுவார்கள். நாளடைவில் பூசைக்கும் வழிபாட்டுக்கும் வேறுபாடே தெரியாமல் போய்விடும். எங்கள் ஊரில் அதுதான் நடந்தது. ஊரில் உழவு இயந்திரப் பெட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறாவது முதியவர்களை ஏற்றிக்கொண்டு பங்குக்கோயிலுக்குப் போய் வாருங்கள். டீசல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அதன்மேல் பாய் விரித்தால் குலுக்கம் குறையும்.

குளக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சுவாமியைச் சந்தித்தேன். எங்கள் இரண்டாம் பூசையைச் சனி மாலைக்கு மாற்றுவதைப் பற்றி மற்றக் கிளைக்கோயில்களோடும் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். உழவு இயந்திரக்கார அண்ணாவின் பயம் அவருக்கும் இருக்கிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு நற்கருணை இல்லாமல் இறைவார்த்தை வழிபாடு மட்டும் நடத்தும்படியும், நான்காம் ஞாயிறுகளில் பெட்டியில் ஆட்களை ஏற்றிப் பங்குக்கோயிலுக்கு வரும்படியும் கேட்டார். மறையாசிரியை அக்கா சொன்னபடி வீட்டுச் செபத்தை வருகிற வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்குகிறோம், வெறுந்தேநீரோடு. சர்க்கரையா பனங்கட்டியா என்பதில் மட்டும் இன்னும் இணக்கம் வரவில்லை.

உபதேசியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் கோயிலில் உள்ளது ஒரே ஒரு கதிரை, அது குருவுக்குரியது. மற்றவை எல்லாம் வாங்குகள். வழிபாடு நடத்துபவர் சனங்களோடு வாங்கிலேயே இருந்துகொண்டு நடத்தலாமா?

முன்னாள் உபதேசியார் எழுதியது:

தாராளமாக. கரையில் இருக்கும் வாங்காகப் பார்த்து, முதியவர் ஒருவருக்குப் பக்கத்தில் இருங்கள் தம்பி. வாசகத்தில் வரி தவறினால் அவர் முழங்கையால் இடித்துச் சொல்வார்.