டாஸ்க் மெனேஜர் 30 வீதம் காட்டுது, ஆனா சத்தம் வெடிக்குது: ஐபேடா, பழைய பெட்டியா?

கொச்சிக்கடை கீபோட்:
கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கொயர் ரிஹர்சல். ஐ7-4790 ப்ரொசெசர் உள்ள கம்பியூட்டர் பெட்டி, 16 ஜிபி ரெம், 48 கிலோஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 48,000 சாம்பிள்), பஃபர், அதாவது ஒரு தடவையில கணக்குப் பண்ற துண்டு, 64 சாம்பிள். கீபோட்ல நீளமா இழுபடுற ஒரு பேட் (pad) சவுண்ட், அதுக்கு மேல கொன்வொலூஷன் ரிவேர்ப் (உண்மையான மண்டப எதிரொலிப் பதிவை வச்சுக் கணக்குப் போடுறது), ஈக்யூ, மாஸ்டர்ல சத்தம் எல்லை தாண்டாமப் பிடிக்கிற லிமிட்டர். ரெண்டு கையாலயும் கோர்ட் பிடிச்ச உடனே பட்பட்டுண்டு வெடிப்பு. டாஸ்க் மெனேஜர்ல பார்த்தா வெறும் 30 வீதம். அதே மாதிரி எஃபெக்ட் சங்கிலியை அப்பிளோட எம்1 சிப் உள்ள ஐபேட்ல 64லயே போட்டா ஒரு கிளிக் கூட இல்ல. அப்ப மிச்ச 70 வீதம் எங்க போச்சு?

பழைய_பெட்டி:
எங்கயும் போகல்ல, சும்மா இருக்கு. உங்கட ப்ரொசெசர்ல நாலு கோர், கோருக்கு ரெண்டு த்ரெட், அதாவது வேலை வரிசை. அந்த 30 வீதம் எட்டு த்ரெட்டுக்கும் சேர்த்த சராசரி. ஒரு த்ரெட் கழுத்து வரைக்கும் நிரம்பினாலும் அதுல 12.5 வீதம்தான் ஏறும். லைவா வாசிக்கிற ட்ராக்ல இன்ஸ்ட்ருமென்ட் முடிஞ்சுதான் ரிவேர்ப், அது முடிஞ்சுதான் ஈக்யூ, கடைசியா லிமிட்டர். இதை நாலு கோருக்கும் பங்கு போட ஏலாது. 48ல 64 சாம்பிள் எண்டா 1.33 மில்லிசெக்கன். அதுக்குள்ள முழுச் சங்கிலியும் முடியோணும், முடியாட்டி வெடிக்கும். ஒரு கோரோட வேகத்துல எம்1 4790ஐ நல்லாவே முந்தும், அவ்வளவுதான். டாஸ்க் மெனேஜரை விட்டுட்டு ரீப்பர் ரெக்கோர்டிங் மென்பொருள்ல பெர்ஃபோமன்ஸ் மீட்டரைத் திறந்து ஆர்டி சிபியூவை (உடனுக்குடன் செய்ய வேண்டிய ஓடியோ வேலையோட சுமை) பாருங்க, அது உண்மை சொல்லும்.

ஆனா மிக்ஸ் பண்ணக்குள்ள கதை வேற. ரெக்கோர்ட் பட்டன் எதுவும் போடாட்டி ரீப்பர் முன்கூட்டியே கணக்குப் பண்ணி வச்சிரும். கியூபேஸ் மென்பொருள்ல அந்த வேலையை ஏசியோ-கார்ட் எண்ட வசதி செய்யும். பஃபரை 1024க்கு ஏத்தினா, அதாவது 21 மில்லிசெக்கன், எல்லாக் கோரும் வேலை செய்யும். அங்க 2014 பெட்டி இன்னும் கிழவன் இல்ல.

சுருதிப்பெட்டி:
ஐபேட் வெண்டது ஏசி ரூமிலயா எண்டு கேட்டீங்களா? சுற்றுச் சூடு 35 பாகைக்கு மேல போகக் கூடாதெண்டு அப்பிளே சொல்லுது. மார்ச் மாசம் ஜன்னலோரம், தோல் கவர், சார்ஜரும் குத்தியிருக்கு. இந்த நிலைமையில முதல்ல ஸ்க்ரீன் தானா மங்கும், பிறகு ப்ரொசெசர் வேகத்தைக் குறைக்கும், மூண்டாவது பாட்டில வெடிப்புத் தொடங்கும். ஃபேன் இல்லாததுக்கு வேற வழி இல்ல. கவரைக் கழட்டுங்கோ, பிரைட்னஸை அரைவாசியாக்குங்கோ, முதலே சார்ஜ் ஏத்தி பெட்டரியில ஓட்டுங்கோ, பஃபரை 128 ஆக்குங்கோ. 2.67 மில்லிசெக்கனை எந்தப் பாட்டுக்காரரும் கண்டுபிடிக்க மாட்டார்.
சார்ஜர் குத்தியிருக்கேக்க ஸ்பீக்கரில முனகல் வந்து, கழட்டினதும் நிண்டா அது கிரவுண்ட் பிரச்சினை. அதுக்கு ப்ரொசெசரைத் திட்டாதேங்கோ.

நாலாம்_ட்ராக்:
எனக்கு ரெண்டுலயும் வேகம் பிரச்சினை இல்ல. ப்ரொஜெக்ட் 44.1 கிலோஹேர்ட்ஸ், இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கர் குத்துற ஓடியோ பெட்டி) 48ல பூட்டி இருந்திச்சு. ஒரு கட்டையில பாடினது ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல வந்து நிண்டிச்சு. ஹார்மோனியக்காரர் ஒவ்வொரு கட்டையா அழுத்திப் பார்க்கிறார், ஒண்டோடயும் சேருதில்ல. 48ஐ 44.1ஆல வகுத்துப் பாருங்க: 1.088, கிட்டத்தட்ட ஒன்றரை செமிட்டோன்.

வெள்ளவத்தை_மிக்ஸ்:
பழைய பெட்டியில வெடிப்பு எண்டா முக்கால்வாசி ப்ரொசெசரில இல்லை, விண்டோஸ் செட்டிங்கில. ஒருக்கா வைஃபையை நிப்பாட்டினதோட சத்தம் சுத்தமானதைக் கண்ணால கண்டது.
யூனிட்டி பிளாசா கம்பியூட்டர் கடைகள் பக்கம் ரீஃபேர்பிஷ்ட் டெல் ஒப்டிப்ளெக்ஸ் 9020 தேடுற ஆக்களுக்குச் சொல்லுறன். டவர் அல்லது எஸ்எஃப்எஃப் (சின்ன டெஸ்க்டொப் பெட்டி) எடுங்கோ, நாலு டிடிஆர்3 ஸ்லொட், 32 ஜிபி வரைக்கும் போகும். ஆகச் சின்ன மைக்ரோ பெட்டியில லெப்டொப் ரெம்முக்கு ரெண்டு ஸ்லொட் மட்டும்தான். ரெம்மை சோடியாப் போடுங்கோ. சாம்பிள்களுக்கு எஸ்எஸ்டி கட்டாயம், ஹார்ட் டிஸ்க்கில வச்சா நோட்ஸ் விடுபடும். ஹீட்சிங்கைக் கழட்டிக் காய்ஞ்ச பேஸ்டைத் துடைச்சுப் புதுசு பூசுங்கோ. பயோஸ்ல சி-ஸ்டேட்ஸை (வேலை இல்லாத நேரம் ப்ரொசெசரைத் தூங்க வைக்கிற செட்டிங்) ஓஃப் பண்ணி, பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸில விடுங்கோ. பிறகு லேட்டன்சிமொன் எண்ட சோதிக்கிற மென்பொருளைப் பத்து நிமிஷம் ஓட விட்டா எந்த ட்ரைவர் குழப்புது எண்டு பேரோட காட்டும். பெரும்பாலும் வைஃபை, இல்லாட்டி கிராஃபிக்ஸ் கார்ட். இன்டர்ஃபேஸுக்கு அதன்ர சொந்த ஏசியோ ட்ரைவரை (தாமதம் குறைஞ்ச ஓடியோ ட்ரைவர்) போடுங்கோ, எல்லாத்துக்கும் பொதுவான ஏசியோ4ஓல் கடைசி வழி. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, நாலாம் தலைமுறை ப்ரொசெசர் விண்டோஸ் 11 பட்டியலில இல்லை. ஆகவே நெட் கழட்டின மியூசிக் பெட்டியா மட்டும் வச்சிருங்கோ.

கொச்சிக்கடை கீபோட்:
அண்ணன், பெட்டி வாங்கப் போறேண்டு நான் சொல்லவே இல்லியே! வைஃபை ஏற்கனவே ஓஃப்தான். ஆர்டி சிபியூ பார்த்தாச்சு, கோர்ட் பிடிக்கக்குள்ள உச்சத்துல முட்டுது. லிமிட்டரையும் கொன்வொலூஷன் ரிவேர்பையும் கழட்டி ஒரு சாதாரண அல்கோரிதம் ரிவேர்ப் போட்டா 64லயும் அமைதி. பழைய_பெட்டி சொன்னது சரி.

பழைய_பெட்டி:
லுக்-அஹெட், அதாவது வரப்போற சத்தத்தை முன்கூட்டிப் பார்க்கிற வசதி, உள்ள லிமிட்டர் லைவுக்கே ஆகாது, கணக்கும் கூட, தாமதமும் கூட. ஐபேட் பக்கம் சாயுறவங்களுக்கு ஒண்டு: கொன்டாக்ட் (சாம்பிள் வாத்தியங்களை வாசிக்கிற மென்பொருள்) அதுல ஓடாது, கம்பியூட்டர்ல போடுற விஎஸ்டி ப்ளகினும் ஓடாது, ஐபேடுக்கான ஏயூவி3 ப்ளகின் மட்டும்தான். தவில், நாதஸ்வரம் லைப்ரரி கொன்டாக்ட்ல வச்சிருந்தா பெட்டியை விட்டுப் போக ஏலாது. அந்த ட்ராக்குகளை 24 பிட் வேவ் ஓடியோ ஃபைல் ஆக்கி, எல்லாத்தையும் முதலாம் பாரில இருந்து தொடங்கி எடுத்து அனுப்புங்க. ஸ்டீரியோ ஒண்டு நிமிஷத்துக்கு 17 எம்பி வரும். 24 ட்ராக், நாலு நிமிஷப் பாட்டெண்டா 1.6 ஜிபிக்குக் கூட.

சுருதிப்பெட்டி:
2025 பெப்ரவரி 9, பாணந்துறைக் குரங்கு நாடு முழுக்கக் கரண்டை நிப்பாட்டின நாள் ஞாபகம் இருக்கே? பெட்டி வச்சிருக்கிற ஆக்கள் யூபிஎஸ்ஸையும் கணக்கில சேர்த்துத்தான் விலை பேசோணும். ஐபேட்டும் அதில இருந்தே பவர் எடுக்கிற இன்டர்ஃபேஸும் எண்டா அந்தச் செலவு இல்லை.

நாலாம்_ட்ராக்:
எம்1 வாங்கக் காசு காணாது. பத்தாம் தலைமுறை சாதா ஐபேட் சரிவருமா?

பழைய_பெட்டி:
ஏ14 சிப், 4 ஜிபி ரெம். லொஜிக், கியூபேசிஸ் எண்ட ரெக்கோர்டிங் ஆப் ரெண்டும் ஓடும், ஆனா ரெம்தான் முதல்ல முடியும். பெரிய பியானோ ஒண்டு, ரெண்டு சின்த், மிச்சத்தை ஓடியோவா மாத்திருங்க. யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தாலும் வேகம் யூஎஸ்பி 2தான். ரெண்டு செனல் ரெக்கோர்டிங்குக்கு 2.3 மெகாபிட் போதும், அது பிரச்சினை இல்ல, 1.6 ஜிபி கொப்பி பண்ணத்தான் பார்த்துக்கொண்டு இருக்கணும். ஹெட்ஃபோன் ஓட்டையும் இல்ல. புளூடூத் ஹெட்செட் போட்டு வாசிக்கப் பார்க்காதீங்க, தாமதத்துல தாளமே பிடிபடாது.