சித்தப்பா பெயரில் இருக்கும் கார் இன்சூரன்ஸ்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை உறவுகளுக்கு வணக்கம். சித்தப்பா போன மாதம் தவறிவிட்டார். ஆர்சி, இன்சூரன்ஸ் இரண்டும் அவர் பெயரில்தான். பாலிசி முடிய இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. “அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம், வண்டியை ஓட்டுங்கள்” என்கிறார் ஏஜென்ட். பாலிசியின் பொது நிபந்தனைகளைப் புரட்டினால் கதையே வேறு. காப்பீட்டுதாரர் இறந்தால் மூன்று மாதமோ பாலிசி முடியும் தேதியோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வண்டி உரிமைக்கான ஆதாரம், அசல் பாலிசியோடு வாரிசுகள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்!

இறந்தவர் பெயரிலிருந்து ஆர்சியை மாற்ற ஆர்டிஓவுக்குப் படிவம் 31 என்பது தெரியும். சிக்கல் வாரிசுச் சான்றிதழில்தான். தாலுகா ஆபீஸில் இன்னும் கைக்கு வரவில்லை. இன்னொரு வாரிசான சித்தப்பா மகள், என் தங்கை, வேறு துபாயில் இருக்கிறாள்.

விண்ணப்ப ரசீதை மட்டும் காட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்குமா? தங்கையின் சம்மதக் கடிதத்துக்குத் தூதரகச் சான்று கேட்பார்களா? அப்புறம், கிளைம் இல்லாததற்கான போனஸ் தள்ளுபடி மனைவி, பிள்ளைகளுக்குத் தொடரும் என்று விதி உண்டு. சித்திக்கு அதை எழுதிக் கேட்க வேண்டுமா, தானாகவே தருவார்களா? மதுரையில் சமீபத்தில் மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை வண்டி ஷெட்டில்தான்.