லோக்கலில் (சொந்த மெஷினில்) ஃப்ரன்ட்எண்ட் (தளத்தின் முன்பக்கம்) ஓடவைத்தபோது நடந்தவை: உங்கள் அனுபவம்?

வெள்ளவத்தைவாசி:
மாணவர் பதிவுப் படிவம் ஒன்று. ரியாக்ட், வைட் என்ற வெப் கருவிகள், வழமையான செட்டப்தான். அணியில் பாதிப்பேர் கொழும்பில், மீதிப்பேர் சென்னையில். டெஸ்ட் எல்லாம் பச்சை. வெளியிடுவதற்கு முதல்நாள் பின்னேரம், மென்பொருளைச் சோதிக்கும் கியூஏ தங்கச்சி தன் லேப்டாப்பில் 5173 போர்ட்டில் அதை ஓடவிட்டு, தன்னுடைய பிறந்த திகதியையே போட்டுப் பார்த்தாள்: 2001 மார்ச் 12. சேமித்தபின் திரையில் வந்தது மார்ச் 11.

நான் 1989 போட்டேன், சரி. பக்கத்து மேசையில் 2008 போட்டார்கள், அதுவும் சரி. அவளுக்கு மட்டும் ஒரு நாள் குறைகிறது. சென்னையில் அதே திகதியைப் போட்டார்கள், சரியாக வந்தது. "எங்களுக்கு இந்தப் பிழை வரவில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அண்ணா, நான் பொய்யா சொல்றன்?" என்று கேட்டாள். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

காரணம் இங்கே வளர்ந்த ஆக்களுக்கு விளங்கும். 1996 மேயில் இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு என்ற நிலைக்கு வந்தது. பிரவுசருக்கு இந்த வரலாறு தெரியும். 2001 மார்ச் 12 தொடங்கும் நள்ளிரவை யூடிசிக்கு மாற்றும்போது ஆறு மணித்தியாலம் கழிக்கிறது. எங்கள் பெக்எண்ட் (சேர்வர் பக்கக் கோட்) எல்லாத் திகதிக்கும் ஐந்தரையைத்தான் கூட்டுகிறது. ஆகவே முதல்நாள் இரவு 11.30இல் போய் நிற்கும். சென்னையில் எப்போதும் ஐந்தரை, அங்கே பிடிபடாது. டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சேர்வர் யூடிசியில் ஓடுகிறது, அங்கேயும் பிடிபடாது.

கொட்டாஞ்சேனை_கோடர்:
எனக்குச் சிக்கல் லோக்கல்ஹோஸ்ட், அதாவது சொந்த மெஷினையே குறிக்கும் பெயர். ஒரே மேசையில் இரண்டு லேப்டாப், ஒரே கோட், ஒரே கட்டளை. சீனியரின் மெஷினில் லொகின் வேலை செய்கிறது, என்னுடையதில் கோரிக்கையைப் பெக்எண்டுக்குக் கடத்தும் ப்ராக்ஸி "இணைப்பு மறுக்கப்பட்டது" என்கிறது. ஆனால் பிரவுசரில் ஏபிஐ முகவரியை நேரே அடித்தால் பதில் வருகிறது! அந்த இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்த நேரம் மறக்காது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் அவரிடம் 16, என்னிடம் 18. 17இலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ஐபிவி4 முகவரியை முதலில் எடுக்கும் வழக்கத்தை நோட் விட்டுவிட்டது. ஐபிவி6 முகவரி முன்னால் வந்தால் அங்கேதான் போய்த் தட்டும். எங்கள் பெக்எண்ட் 127.0.0.1 என்ற ஐபிவி4 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ப்ராக்ஸி அமைப்பில் அந்த இலக்கத்தையே எழுதினேன், சரியாகிவிட்டது.

கிருலப்பனை87:
2022 மார்ச் கடைசி, நாளுக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரம். ஒரு புரொஜெக்ட், செட்டப் ஸ்கிரிப்டைத் தட்டினேன். உள்ளே என்பிஎம் சிஐ, புரொஜெக்டுக்குத் தேவையான பொதிகளை இறக்கும் கட்டளை. அது முதலில் இருக்கிற நோட் மொடியூல்ஸ் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத்தான் இறக்கத் தொடங்கும். அழித்து முடித்த கையோடு கரண்ட் போனது, ரவுட்டரும் போனது. இருட்டில் வெறும் கோப்புறை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் வெள்ளவத்தை அண்ணா, நீங்கள் 1996ஐக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறந்த திகதிக்கு நேரமே கிடையாது. அதை ஏன் நேரமுள்ள பொருளாக்கி அனுப்ப வேண்டும்? வருடம், மாதம், நாள் என்று எழுத்தாகவே அனுப்புங்கள், எழுத்தாகவே சேமியுங்கள். அப்புறம், ஜாவாஸ்கிரிப்டில் "2001-03-12" என்று மட்டும் கொடுத்தால் அதை யூடிசி நள்ளிரவாக எடுக்கும். பின்னால் நேரத்தையும் சேர்த்து, வலயம் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரமாக எடுக்கும். இதையும் அணியில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். டெஸ்டை யூடிசியில் மட்டும் ஓட்டாதீர்கள். ஒருமுறை ஏசியா/கொழும்பு, ஒருமுறை அமெரிக்கா/நியூயோர்க் என்று வலயத்தை மாற்றி ஓட்டுங்கள். பிரவுசர் டெஸ்ட் கருவியான பிளேரைட்டில் நேரவலயத்தை அமைப்பிலேயே கொடுக்கலாம். இன்னொன்று: இன்றைய திகதியை, யூடிசியில் எழுதும் ஐஎஸ்ஓ வடிவ எழுத்தாக்கி முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிற கோட் இருந்தால் தேடிப் பிடியுங்கள். இங்கே அதிகாலை 5.30 வரைக்கும் அது நேற்றைய திகதியைத்தான் காட்டும். பகலில் டெஸ்ட் செய்கிறவர் கண்ணில் அது படவே படாது.

வெள்ளவத்தைவாசி:
எழுத்தாக அனுப்புவது சரி, நாங்களும் அப்படித்தான் மாற்றினோம். ஆனால் நான் கேட்பது வேறு. ஒரு பிள்ளை திரையைக் காட்டிச் சொல்கிறாள். அவளுடைய மெஷின் எந்த வலயத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் டிக்கெட்டை மூடலாமா?

மருதானை_வன்னியான்:
நான் 1999இல் வன்னியில் பிறந்தவன். அங்கே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்தப் பத்து வருடமும் மணிக்கூட்டை மாற்றவில்லை. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுத்தான் எதையும் குறிப்பார்கள்.

சாதகம் கணிக்கும் ஒரு தளத்தின் முன்பக்கத்தை லோக்கலில் ஓடவிட்டு, என்னுடைய பிறந்த நேரத்தைப் போட்டேன். நட்சத்திரம் சரி. லக்கினம் வேறு. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஓலையில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, "உன்ர கொம்பியூட்டர் சொல்றது ஆற்றையோ பிள்ளையின்ர சாதகம்" என்றார். கோட்டில் பிழை இல்லை. ஏசியா/கொழும்பு என்றால் 1999இல் ஆறு மணித்தியாலம்தான். நேரவலயத் தரவில் இலங்கைக்கு அந்த ஒரு பதிவுதான் இருக்கிறது, வன்னிக்குத் தனியாக இல்லை. அரை மணித்தியாலத்திலேயே லக்கினம் மாறிவிடலாம். கிருலப்பனை அண்ணா, இங்கே நேரத்தை வெட்டிவிட முடியாதே?

கொட்டாஞ்சேனை_கோடர்:
பிறகு என்ன செய்தீர்கள்?

மருதானை_வன்னியான்:
பிறந்த வருடம் 1996க்கும் 2006க்கும் இடையில் என்றால் மட்டும் "பழைய நேரப்படி" என்று ஒரு டிக் பெட்டி வரும். டிக் செய்தால் ஐந்தரை. அதற்கான டெஸ்டில் என் பிறந்த நேரத்தைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.