கமுந்திங் முகாமிலிருந்து சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு

பந்திங் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள நம் பந்திங் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வீ. பாப்பாராய்டுவின் பின்னணியை வெளிநாட்டில் இருக்கும் சிலர் கேட்டிருந்தீர்கள். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய சகோதரர் வீ. கணபதிராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போராட்டக் களத்திலிருந்து மாநில அரசுக்குள் நுழையும் ஒருவரால் எது முடியும், எது முடியாது என்பது அவருடைய அரசியல் வாழ்க்கையில்தான் நன்றாகத் தெரிகிறது.

2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப் நடத்திய பேரணியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதற்கு அந்த இடிப்பும் ஒரு காரணம். டிசம்பர் 13இல் விசாரணையின்றித் தடுத்து வைக்க இடம் தந்த இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகிக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட ஐவரில் வழக்கறிஞர் கணபதிராவும் ஒருவர். உடன் அடைபட்ட மா. மனோகரன், 2008 மார்ச் பொதுத்தேர்தலில் முகாமில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) வென்று தந்தார். வாக்குக் கேட்டு ஒரு வீட்டுப் படிகூட ஏறாத வேட்பாளர் அவர். 2009 ஏப்ரலில் விடுதலையான கணபதிராவ், 2013இல் அதே தொகுதியில் நின்று வென்று மாநிலத்தின் அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். 2018இல் கோத்தா கெமுனிங்கில் வென்றார். 2022இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

நாடாளுமன்றம்தான் பெரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கும் குடியுரிமைக்கும் அது சரி. ஆனால் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 9ஆம் அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருப்பதால், கோயில், சுடுகாடு, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கான வீட்டு மனை ஆகிய எல்லாவற்றுக்கும் மாநில அரசின் கதவைத்தான் தட்ட வேண்டும். தோட்டக் கோயில்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. துரை வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியில் கட்டிய கோயிலுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? நில அலுவலகம் ஆவணம் கேட்டால் நிர்வாகத்தினர் எடுத்துக் காட்டுவது பழைய திருவிழா அழைப்பிதழும், கும்பாபிஷேகத்தன்று தோட்ட நிர்வாகியோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும்தான். இசா கைதி ஒருவர் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்ததன் பயன், அந்தப் படத்தையும் ஒரு சான்றாக மதித்துக் கேட்க அங்கே ஆள் இருந்தார் என்பதே.

அதற்கும் எல்லை உண்டு. ஷா ஆலாம் 19ஆம் பிரிவிலிருந்த ஒரு கோயிலுக்கு 23ஆம் பிரிவில் மாநில அரசு இடம் பார்த்தபோது, 2009 ஆகஸ்டில் எதிர்ப்பாளர்கள் வெட்டிய மாட்டுத் தலையோடு மாநிலச் செயலகத்துக்கே ஊர்வலம் போனார்கள். 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீபீல்டு மாரியம்மன் ஆலயத்தில் கலவரம் வெடித்தபோது கணபதிராவ் ஆட்சிக்குழுவில்தான் இருந்தார். தோட்டம் போன பின் அந்த நிலம் தனியார் நிறுவனத்தின் பெயருக்கு மாறியிருந்தது, கோயிலை இடம் மாற்றுவதற்கான உடன்பாடு 2014இலேயே நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தது. அக்கலவரத்தில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நிலம் ஒருமுறை கைமாறிவிட்டால் ஆட்சிக்குழு உறுப்பினருக்குச் சமரசம் பேசுவதைத் தவிர வேறு வழி குறைவு.

2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் பந்திங்கில் வென்ற பாப்பாராய்டு, ஆட்சிக்குழுவில் மனித வளம், வறுமை ஒழிப்புத் துறைகளைப் பெற்றார். அண்ணன் தம்பி என்று பதவி ஒரே வீட்டுக்குள் சுற்றுவது எனக்கு உவப்பானதல்ல. போராட்டத்தில் முன்னின்ற வேறு பலருக்கும் அந்த வாய்ப்பு வந்திருக்க வேண்டும். ஆனாலும் நம் தொகுதிக்காரர் ஆட்சிக்குழுவில் இருக்கும் காலத்தை வீணாக்கக் கூடாது. பந்திங் வட்டாரத் தோட்டக் கோயில்களில் எவற்றுக்கு இன்னும் நில ஆவணம் இல்லை என்று கணக்கெடுத்து, தோட்டங்கள் விற்கப்படுவதற்கு முன்பே அந்தப் பட்டியலை அவருடைய சேவை மையத்தில் எழுத்து வடிவில் கொடுப்பதுதான் நம் சங்கம் முதலில் செய்ய வேண்டிய வேலை.