பாக்கெட்டில் இல்லாத போன் அடிக்கிறது

திண்டுக்கல், கணக்கு டியூஷன் ஆசிரியர்

வகுப்புக்கு வந்ததும் எல்லார் போனையும் வாங்கி டிராயரில் வைத்துவிடுவேன். போன வருஷம் ஒரு பிளஸ் டூ பையன், நன்றாகப் படிக்கிறவன். தொகையிடல் கணக்கு போட்டுக்கொண்டிருப்பான். பாதியில் இடது கை தானாகத் தொடைப் பக்கம் போகும். பேண்ட் பாக்கெட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, விட்ட வரியைத் தேடுவான். "என்னடா?" என்றால், "போன் வைப்ரேட் ஆச்சு சார்" என்பான். போனோ என் டிராயரில் ஆஃப் ஆகிக் கிடக்கிறது!

நடிப்பு என்று நினைக்க வேண்டாம். 2012-ல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இப்படி வராத அதிர்வை உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்நேரமும் செய்தியை எதிர்பார்த்துக் கிடக்கிற மூளை, துணி உரசினாலும் தசை துடித்தாலும் போன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறதாம்.

இவன் எதை எதிர்பார்த்தான்? ஒருநாள் எல்லாரும் போன பிறகு உட்காரவைத்துக் கேட்டேன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் முகத்தை வைத்து ஒரு ஸ்டிக்கர் செய்து சுற்றவிட்டிருக்கிறார்கள். "நான் ஆன்லைன்ல இல்லாதப்பதான் சார் போடுவாங்க. உடனே பார்த்தா டெலிட் பண்ணச் சொல்லலாம்ல..." என்றான். குரல் கம்மிவிட்டது. வீட்டில் அவனுக்குக் கிடைத்த பெயர் 'போன் பைத்தியம்'. அந்தச் சொல்லை இனி எந்தப் பிள்ளையிடமும் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோவை, வங்கி ஊழியர்

சாரின் பதிவைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான். அப்பா தவறிய பிறகு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் ரீல்ஸ். கோலம், சமையல், ஜோசியம், எது வந்தாலும் தள்ளிக்கொண்டே இருப்பார். காலையில் கண் சிவந்து, எதற்கெடுத்தாலும் எரிச்சல். டிஸ்ப்ளே உடைந்து போன் கடைக்குப் போனபோது வீடே ரணகளம். ரிமோட்டைத் தூக்கி வீசினார். ஆனால் அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "விளக்க அணைச்சா அவரு இருமுற சத்தம் கேக்குதுடி" என்றார். அதுவரை அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். போன் திரும்பி வந்துவிட்டது, இப்போதும் பார்க்கிறார். நான் அவர் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். பத்தரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறார்.

மதுரை, மனநல ஆலோசகர்

இரண்டு பேருக்கும் நன்றி. என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, "போனைப் பிடுங்கிவிடலாமா?" என்றுதான். பிடுங்கினால் கை காலியாகும். பயமும் துக்கமும் அப்படியே இருக்கும். போனைக் கீழே வைத்த அடுத்த பத்து நிமிஷத்தில் மனசுக்குள் என்ன வருகிறது என்று கேளுங்கள். பதில் உடனே வராது, அதட்டாமல் காத்திருங்கள்.

போன் பழக்கம் தூக்கம், படிப்பு, வேலையைக் கெடுக்கிற அளவுக்குப் போய்விட்டால் தயங்கவே கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-லிருந்து 'ஷட்' என்ற கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐ அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்தப் பையனின் அம்மாவிடமும் இந்த எண்ணைக் கொடுங்கள் சார்.