கைதிகள் பாதியாகக் குறைந்தும் சிறையில் ஆள் போதவில்லையே, ஏன்? (நியூயார்க் வேலைநிறுத்தம்)

வடகரையான் கேட்டது:
2025 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் மாநிலத்தின் காலின்ஸ், எல்மைரா சிறைகளில் காவலர்கள் டியூட்டிக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். மாநிலத்தின் 42 சிறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பரவி, மார்ச் 10 வரை நீடித்தது. தேசியக் காவல் படையை இறக்கித்தான் சிறைகளை நடத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

1999-ல் 72,000-க்கு மேல் இருந்த கைதிகள் 2025-ல் சுமார் 33,000 பேர்தான். அப்புறம் எப்படி ஆள் பற்றாக்குறை? ஓவர்டைமை நிறுத்தினாலே பணம் மிஞ்சாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாராக்கணக்கு:
சிறையில் ஆள்கணக்கு கைதியை வைத்துப் போடுவதல்ல, பாராவை (காவலர் நிற்க வேண்டிய இடத்தை) வைத்துப் போடுவது. ஒரு பிளாக்கில் 60 பேர் இருந்தாலும் 35 பேர் இருந்தாலும் பாரா நிற்க வேண்டும். கோபுரம், வாசல், கட்டுப்பாட்டு அறை, சமையற்கூடம் எல்லாம் அப்படித்தான். 200 கைதிகள் ஐந்து சிறைகளில் நாற்பது நாற்பதாகக் குறைந்தால் மிஞ்சுவது சாப்பாடும் துணியும் மருந்தும் மட்டும். ஒரே இடத்தில் குறைத்து பிளாக்கைப் பூட்டினால்தான் பாரா குறையும். சிறையையே மூடினால்தான் கோபுரச் செலவு போகும். 2024 நவம்பரில் கிரேட் மெடோ, சல்லிவன் சிறைகளை மூடினார்கள். மூடும்போது அங்கிருந்த காவலர் அத்தனை பேரும் அடுத்த சிறைக்கு வந்துவிடுவார்கள் என்று எழுதி வைக்கக்கூடாது. வீடும் பிள்ளைகளின் பள்ளியும் உள்ள ஊரை விட்டு வர முடியாமல் சிலர் வேலையை விட்டுவிடுவார்கள்.

ஒரு பாராவுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று பாருங்கள். 24 மணி நேரப் பாரா ஆண்டுக்கு 8,760 மணி. எட்டு மணி ஷிப்ட், வாரம் ஐந்து நாள் என்றால் ஒரு காவலர் கணக்கில் 2,088 மணி வருவார். லீவ், விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்து 54 நாள் என்று வைத்துக்கொண்டால் 432 மணி கழியும், மீதி 1,656. வகுத்தால் 5.29 ஆள். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், மேலே ஒரு ரிலீவர் (மாற்று ஆள்) என்று பட்ஜெட் போட்டால் முதல் மாதமே துண்டு விழும். நோய் விடுப்பு ஆளுக்குப் பத்து நாள் கூடினால் 5.56. நூறு பாரா உள்ள சிறையில் அந்தப் பத்து நாள் மட்டுமே 27 ஆள்.

கருவூலம்:
ஓவர்டைமை உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. அடுத்த ஆள் வராவிட்டால் பாராவை அப்படியே விட்டுப் போக முடியாதே. எட்டு மணி முடித்தவர் பதினாறு மணி நிற்பார். அதுதான் கட்டாய ஓவர்டைம்.

நிதிப்பிரிவுக்கு இது மலிவாகத் தெரிவதுதான் வில்லங்கம். மேலே உள்ள கணக்கையே எடுங்கள். ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் சம்பளத்தில் 60% என்று வைத்தால், புதிய ஆளுக்கு ஆண்டுக்கு 3,341 மணிச் சம்பளம் செலவு. அவர் நிற்பது 1,656 மணி. ஆக, ஒரு மணிக்கு 2.02 மடங்கு. ஓவர்டைம் 1.5 மடங்குதான். எனவே காலியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிப்பது காகிதத்தில் லாபம். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று இரட்டை ஷிப்ட் பார்ப்பவர் படுத்துவிடுவார், அவர் இடத்தை இன்னொருவர் இரட்டை ஷிப்டில் நிரப்புவார். கடைசியில் ஆள் ராஜினாமா செய்வார். வேலைநிறுத்தத்தை முடிக்கப் போட்ட உடன்பாட்டில் 30 நாளுக்கு ஓவர்டைம் 2.5 மடங்கு. அந்த விலைக்குப் புதிய ஆளே மலிவு.

செலவைப் பிடிக்க வேண்டுமானால் ஓவர்டைம் மணியைக் காரணவாரியாகப் பிரித்து வாராவாரம் பாருங்கள்: காலியிடம், நோய், வழிக்காவல் (கைதியை வெளியே கூட்டிப்போகும்போது), மருத்துவமனைக் காவல். ஒரு கைதியை வெளி மருத்துவமனையில் சேர்த்து இரண்டு காவலர் போட்டால் நாளைக்கு 48 மணி, அதாவது ஆறு ஷிப்ட். பல சிறைகளில் இதற்கென்று ரோஸ்டரில் இடமே இருக்காது. பிளாக்கிலிருந்து ஆளை உருவித்தான் அனுப்புவார்கள்.

வடகரையான்:
நன்றி. தனிச்சிறைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம் என்று காவலர்கள் சொன்னார்களே?

நெடுஞ்சுவர்:
ஹால்ட் சட்டத்தைச் சொல்கிறீர்கள். 2021-ல் நிறைவேறி 2022-ல் நடைமுறைக்கு வந்தது. தனிச்சிறை தொடர்ந்து 15 நாளுக்கு மேல் கூடாது, 60 நாளில் மொத்தம் 20 நாளுக்கு மேல் கூடாது. அதற்குப் பதிலாக வைக்கும் மறுவாழ்வுப் பிரிவில் தினமும் ஏழு மணி நேரம் அறைக்கு வெளியே விட வேண்டும், அதில் ஆறு மணி வகுப்பும் பயிற்சியும். அறைக்கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டிப்போக, கூட்டிவர, வகுப்பில் நிற்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத சிறையில் இது கடினம், உண்மைதான். அதற்காகச் சட்டத்தையே குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை. கொதிப்பைக் கிளறியது 2025 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை. பழைய ஆள் திட்டத்தின் 70 சதவீதம்தான் இனி 100 சதவீதம் என்றது அது. முப்பது சதவீதப் பாராவை எழுத்திலேயே அழித்தால் கீழே நிற்பவர் பொறுப்பாரா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2024 டிசம்பரில் மார்சி சிறையில் ராபர்ட் புரூக்ஸ் என்ற கைதியைக் காவலர்கள் அடித்ததில் அவர் இறந்தார். அந்த வழக்கில் குற்றச்சாட்டுகள் வெளியானது இந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதுதான். ஆள் பற்றாக்குறையைப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

சட்டப்படி 1967-ன் டெய்லர் சட்டம் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். காவலர் சங்கம் இதற்கு அழைப்பு விடுக்கவில்லை. அதனால் சங்கத்தோடு கையெழுத்தான முதல் உடன்பாட்டை வாசலில் நின்றவர்கள் மதிக்கவில்லை.

தேம்ஸ்கரை:
இங்கிலாந்தில் இதே சிக்கனத்தைப் பத்தாண்டு முன்பே செய்து பார்த்தார்கள். 2010-க்குப் பிறகு சில ஆண்டுகளில் காவலர் எண்ணிக்கையில் கால்பங்குக்கு மேல் குறைத்தார்கள். போனவர்களில் பலர் மூத்தவர்கள். 2016 டிசம்பரில் பர்மிங்காம் சிறையில் பெரிய கலவரம். அதற்கு முந்தைய மாதமே 2,500 காவலரைச் சேர்ப்பதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. எண்ணிக்கையைத் திரும்பக் கூட்டலாம், ஆனால் ஒரு பிளாக்கில் கைகலப்பு வரப்போகிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லும் ஆளை அறிவிப்பால் கொண்டுவர முடியாது.

பாராக்கணக்கு:
உடன்பாட்டில் வந்த 12 மணி ஷிப்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரம் சராசரி 42 மணி என்றால் ஆண்டுக்கு 2,190. அதே 432 மணி கழித்தால் 1,758, பாராவுக்கு 4.98 ஆள். 5.29 இறங்கியது ஷிப்ட் நீளத்தால் அல்ல, ஒவ்வொருவரும் வாரம் இரண்டு மணி கூட நிற்பதால். நாற்பதுக்கு மேல் போகும் அந்த இரண்டு மணிக்கும் ஓவர்டைம் உண்டு. ஒருவர் வராவிட்டால் ஓட்டை எட்டு மணியல்ல, பன்னிரண்டு. நின்றவரையே நிறுத்தினால் 24 மணி ஆகிவிடும். ஆகவே 12 மணி ஷிப்டுக்கு மாறும் சிறை, வீட்டிலிருந்து அழைக்கும் ரிலீவர் பட்டியலை முதலில் தயார் செய்ய வேண்டும்.